கடைசி வார்த்தையை விழுங்காதீர்கள்

கேள்வி: மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறு மாதமாக மாதம் இரண்டு முறை சென்னைக்கு வந்து டப்பிங் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கூட்டத்தில் ஒரு குரல், டீக்கடைக்காரர் என்று ஒன்றிரண்டு வரிகள்தான் கிடைத்தன. போன வாரம் முதன்முறையாக நீளமான வசனம். "கடைசி வார்த்தை விழுது", "த்ரோ பத்தல" (குரல் எடுப்பாக முன்னால் வரவில்லை) என்று பதினான்கு டேக் போனது. சத்தம் கூட்டினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. தினமும் மூச்சை அடக்கிப் பழகுகிறேன், 60 எண்ணும் வரை முடிகிறது. அப்படியும் வசனத்தில் ஏன் மூச்சு பற்றவில்லை? பாட்டு வகுப்பில் சேரட்டுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பதினான்கு டேக் என்று படித்ததும் சிரித்துவிட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் முதல் நீள வசனத்தின்போது, கன்சோலில், அதாவது ஒலிப்பதிவு மேசையில், இருந்தவர் ஒரு கட்டத்தில் டேக் எண் சொல்வதையே விட்டுவிட்டார்.

60 எண்ணும் வரை அடக்க முடிகிறது என்றால் காற்றுக்குக் குறைவில்லை. வசனத்தில் ஒரு வரி நான்கைந்து விநாடியில் முடிந்துவிடும். அடக்கும்போது நீங்கள் தொண்டையைச் சாத்திக்கொண்டு நிற்கிறீர்கள். பேசும்போதோ திறந்து வைத்துக்கொண்டே சிறுகச் சிறுக விட வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டுமா? உங்களுக்கு வரவு சரியாகத்தான் இருக்கிறது. செலவுதான் முதல் வாரத்திலேயே முடிந்துபோகிறது. வரியின் முதல் இரண்டு வார்த்தைக்குப் பாதிக் காற்றைக் கொட்டிவிடுகிறீர்கள்.

இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலீஷ்காரருக்கு 'நாட்' வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். நமக்கு வினை, காலம், ஆணா பெண்ணா, உண்டா இல்லையா எல்லாமே கடைசி ஓரத்தில் தொங்குகின்றன. இந்த வரியைப் பாருங்கள்: "நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் கிளம்பி வந்திருக்கவே மாட்டேன்." 'மாட்டேன்' காற்றில் கரைந்துபோனால் வரியே போச்சு. அவர் வருத்தப்படுகிறாரா, பெருமைப்படுகிறாரா என்று கேட்கிறவருக்குப் புரியாது. ஒலிப்பதிவு இன்ஜினியர் "விழுது" என்றது இதைத்தான்.

அதனால் வசனத்தை வாலிலிருந்து பழகுங்கள். முதலில் 'மாட்டேன்' மட்டும். அப்புறம் 'வந்திருக்கவே மாட்டேன்'. அப்புறம் 'இவ்வளவு தூரம் கிளம்பி வந்திருக்கவே மாட்டேன்'. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போய்க்கொண்டே இருந்தால், போகப்போக நன்றாகத் தெரிந்த இடத்துக்குள் நுழைகிறீர்கள், 'மாட்டேன்' ஒவ்வொரு முறையும் ஒரே கனத்தில் வந்து விழும். நடுவில் மூச்சு வேண்டுமென்றால் 'சொல்லியிருந்தா'வுக்குப் பின்னால் எடுங்கள். 'வந்திருக்கவே'வுக்கும் 'மாட்டேன்'க்கும் இடையில் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சரி, காற்றை எங்கே வாங்குவது? கண்ணாடி முன் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். தோள் தூக்கினால் தப்பு. தோளோடு கழுத்தும் இறுகும், அந்த இறுக்கம் குரலில் கேட்கும். கட்டாந்தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். இழுக்கும்போது புத்தகம் ஏற வேண்டும், விடும்போது மெதுவாக இறங்க வேண்டும். இது பழகியதும் எழுந்து நின்று, கடைசி விலா எலும்புகளின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள், பக்கவாட்டில் விரிவது தெரியும். அப்புறம் 'ஸ்ஸ்' என்று சீராக விடுங்கள். 15 விநாடி போதும், போகப்போக 25 வரை வரலாம். ஆனால் எத்தனை விநாடி என்பதைவிடச் சத்தம் கூடிக் குறையாமல் ஒரே நூலாக வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சு முட்ட இழுக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் காற்று முதல் எழுத்திலேயே குபுக்கென்று வெளியே பாயும்.

இழுக்கும் சத்தம் மைக்கில் விழுகிறதா? மூக்கால் உறிஞ்சாமல், வரியின் முதல் உயிரெழுத்துக்கு வாய் எப்படித் திறக்குமோ அப்படித் திறந்து வைத்துக்கொண்டு இழுங்கள். சத்தம் பாதியாவது குறையும்.

'த்ரோ' என்றவுடன் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள், கத்தியிருக்கிறீர்கள். ஊர்த்திடலில் மைக் இல்லாமல் விடிய விடிய ஆடும் கூத்துக்காரருக்குக் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும். உங்களுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மைக் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டும் வேலையை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். அவர் உங்களிடம் கேட்பது தெளிவும் முன்னால் வரும் குரலும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். உதட்டிலும் மூக்குத் தண்டிலும் கிறுகிறுவென்று அதிர வேண்டும். அந்த அதிர்வை விடாமல் 'ம்ம்மா' என்று திறங்கள். குரல் தொண்டைக்குள் பதுங்காமல் பல்லுக்கு முன்னால் வந்து நிற்பது தெரியும். வீட்டில் போனை ஆறடி தள்ளி வைத்து, சத்தம் கூட்டாமல் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். ற, ட, க எல்லாம் தெளிவாக விழுந்தால் த்ரோ வந்துவிட்டது.

மைக்குக்கு நேரே நின்று 'பாவி' என்றால் 'டப்'பென்று காற்று அடிக்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்த்தாலே தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும்.

கத்த வேண்டிய காட்சிகளைக் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தண்ணீரைக் காலையிலிருந்தே குடித்து வாருங்கள். டேக்குக்கு நடுவில் குடிப்பது வாயை நனைக்கும், ஆனால் குரல் நாண் வழியாக அது போவதில்லை. ஸ்டுடியோவுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், மூச்சு இறங்க இடமிருக்காது. பட்டினியும் வேண்டாம், அந்த மைக்கில் வயிறு உறுமுவதும் பதிவாகும் (எனக்கு நடந்திருக்கிறது). தொண்டைக் கட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டு வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். நீண்ட ஸ்வரம் பிடிப்பது நல்ல பழக்கம். ஆனால் பாட்டில் எங்கே மூச்சு வாங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், டப்பிங்கில் அதைத் திரையில் இருப்பவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். முதல் முறை காட்சி ஓடும்போது உதட்டை விட்டுவிட்டு அவருடைய தோளையும் நெஞ்சையும் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் வசனப் பேப்பரில் ஒரு கோடு போடுங்கள். பென்சிலால் போடுங்கள், பேனா வேண்டாம். மூன்றாவது டேக்கில் வசனத்தை மாற்றிவிடுவார்கள்.