மாமி பௌத்தர், தாதி கிறிஸ்தவர்: யாரை மாற்றுவது?

வத்தளையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: நான் தமிழ்க் கத்தோலிக்கப் பெண். கணவர் சிங்களப் பௌத்தர். 74 வயதான மாமிக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பராமரியுங்கள் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். முகவர் நிலையம் அனுப்பிய தாதி கிறிஸ்தவப் பெண். நல்லவர்தான், ஆனால் கட்டிலருகே நின்று உரக்க ஜெபிக்கிறார். மாமி மோர்பின் மாத்திரையை மறுக்கிறார். “இது கர்மம், சாகும்போது மனம் தெளிவாக இருக்க வேண்டும்” என்கிறார். பௌத்தத் தாதியை வைக்க வேண்டும் என்று மச்சாள் பிடிவாதமாக நிற்கிறார், அதற்கு முகவர் கூடுதல் பணம் கேட்கிறார். இறந்தபின் 8 மணி நேரம் உடலைத் தொடக்கூடாது என்று மச்சாள் ஏதோ காணொளியில் பார்த்திருக்கிறார். மாமியோ கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்தவர். தாதியின் மதம் பராமரிப்பை மாற்றுமா? நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதல் காரியமாக முகவருக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள். “கிறிஸ்தவத் தாதி அன்பானவர், பௌத்தத் தாதி பொறுமையானவர்” என்று மதத்துக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்பது இப்போது ஒரு வியாபாரமாகிவிட்டது. வெள்ளைச் சீருடை போட்டு அனுப்பப்படும் பெண்களில் பலர் தாதியரே அல்லர். சில வாரப் பயிற்சியோடு, சிலர் அதுவும் இல்லாமல், நோயாளியின் தலைமாட்டில் நிறுத்தப்படுகிறார்கள். வந்திருப்பவர் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு பெற்றவரா, பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். முகவர் பேச்சை மாற்றினால் விஷயம் விளங்கிவிடும். பராமரிப்பாளராக வருபவரும் நல்ல துணையாக இருக்கலாம், அதில் தவறில்லை. பராமரிப்பாளரை அனுப்பிவிட்டுத் தாதிக்குரிய கட்டணம் வாங்குவதுதான் தவறு. அந்தப் பணத்தில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்றும் அவரிடம் தனியே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாதியின் மதம் பராமரிப்பை மாற்றுமா? மாற்றும். ஆனால் மச்சாள் நினைக்கும் இடத்தில் அல்ல.

துடைப்பது, கழுவுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது ஆகியவற்றில் இரண்டு மதங்களும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தையே சொல்கின்றன. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் காண்கிறார். சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துக் கட்டிலில் கிடத்துகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்று புத்தர் மற்றப் பிக்குகளிடம் சொல்கிறார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும்: நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள், இந்தச் சிறியோருள் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள். அதே விநய பிடகம் நல்ல தாதிக்கு ஐந்து தகுதிகளையும் வைக்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், நோயாளிக்கு ஒத்துவருவது எது வராதது எது என்று அறிய வேண்டும், ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் செய்ய வேண்டும், மலம் சிறுநீர் சளி வாந்தி எதற்கும் அருவருக்கக் கூடாது, நல்ல வார்த்தை சொல்லி மனத்தைத் தேற்றத் தெரிய வேண்டும். இந்த ஐந்தில் தாதி எந்த மதத்தவராக இருக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. மச்சாளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேறுபாடு வருவது வேறிடத்தில். நோயாளியின் முகத்தில் கிறிஸ்துவைக் காணப் பழகிய தாதிக்கு எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், நம்பிக்கை ஊட்டும் வார்த்தை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். நோயாளி சாவைப் பற்றிப் பேச வாயெடுத்தால், “அப்படிச் சொல்லாதீர்கள், கடவுள் சுகம் தருவார்” என்று தடுத்துவிடுவார். உங்கள் மாமியைப் போன்ற பௌத்தப் பெண்ணுக்கு அது ஆறுதல் அல்ல, இடைஞ்சல். அவர் சாவுக்குத் தயாராக விரும்புகிறார், அதைப் பேச விரும்புகிறார். மறுபுறம், மனம் சலனப்படாதிருப்பதே பெரிது என்று வளர்ந்த பௌத்தத் தாதிக்கு வேறொரு தவறு நேரும். நோயாளி முனகாமல் கிடந்தால் அமைதியாக இருக்கிறார் என்று எண்ணிவிடுவார். உண்மையில் அவர் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். எலும்பில் புற்று பரவியவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். முகம் அசையாது, படுக்கை விரிப்பைப் பிடித்த கை மட்டும் இறுகியிருக்கும். அந்தக் கையைப் பார்க்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டிய தாதி.

இனி மோர்பின். “இது கர்மம்” என்கிறாரே, அதற்குப் பௌத்தத்திலேயே பதில் இருக்கிறது. மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது, இல்லை என்றுதான் புத்தர் பதில் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைக் கவனிக்காமை, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் கர்மத்தை வைக்கிறார். மது, போதை விலக்கும் ஐந்தாம் சீலமும் மருந்தைத் தடுப்பதில்லை. மருந்து எண்ணெயில், நிறமும் மணமும் சுவையும் தெரியாத அளவுக்கு மது கலக்கவே விநய பிடகம் இடம் தருகிறது. இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சு. மாமி போகும் விகாரையின் பிக்கு சொன்னால் உபதேசம். அவரை வீட்டுக்கு அழைத்து, வைத்தியர் என்ன சொன்னார் என்பதை முன்கூட்டியே விளக்கி, மாமியிடம் பேசச் சொல்லுங்கள்.

தெளிவான மனம் வேண்டும் என்ற மாமியின் விருப்பத்தை மட்டும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அது அவருடைய சமயத்தின் உயிர்நாடி. ஆனால் கடும் வலியில் மனம் தெளிவாக இருக்காது, வலியைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாது. மோர்பின் தொடங்கிய முதல் சில நாள்களில் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடும். குறையாதது மலச்சிக்கல். அதற்கான மருந்தையும் முதல் நாளே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். சாதாரண மோர்பினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை என்றால் அதை ஒருபோதும் பொடித்துக் கொடுக்கக் கூடாது. “காலையில் புத்த பூசை நேரத்தில் விழிப்பாக இருக்க விரும்புகிறார்” என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ப அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்க அவரால் முடியும். உடம்பு துடைக்கும்போதும் புரட்டும்போதும்தான் எலும்பு வலி உயிரை வாங்கும். அதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்க ஒரு வேளை மருந்து எழுதித் தரும்படி கேளுங்கள். அளவை நீங்களோ தாதியோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வலியைச் சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாதி நினைத்தால், திருச்சபை அப்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவருக்குச் சொல்லலாம். வலி நீக்கும் மருந்து உயிரைச் சற்றுச் சுருக்கக்கூடும் என்றாலும், வேறு வழியில்லாதபோது கொடுக்கலாம் என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே சொல்லிவிட்டார். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர், தாதியாகப் பயின்று பிறகு வைத்தியரானவர். வாய்வழி மோர்பினைத் தவறாமல் நேரத்துக்குக் கொடுக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் அவர்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த மருந்தை வாங்க நீங்கள் அலையப்போவதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிளினிக் நாளில் வரிசை, கையொப்பத்துக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை. மாத்திரை தீர ஐந்தாறு நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வைத்தியசாலை அனுமதிப் பத்திரத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஊழியர் ஒருவர் பெயரைப் பார்த்தே அதை நிரப்பிவிடுவார். அதன் பிறகு எந்த விடுதியிலும் எவரும் அதைப் பார்ப்பதில்லை, நோயாளியிடம் கேட்பதும் இல்லை. ஊசி குத்த இடம் தேடும் அவசரத்தில் பிரித் என்ற பௌத்த ஓதலின்போது காப்பாக மணிக்கட்டில் கட்டிய நூலைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். அந்த அம்மா அன்று முழுவதும் அழுதார். நூலை மேலே தள்ளியிருக்கலாம், மற்றக் கையைப் பார்த்திருக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடநெறி தேவையா? மாமியை மீண்டும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் நூலை வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாதியின் ஜெபத்துக்கு வருவோம். அவரை அனுப்பிவிடத் தேவையில்லை. அடுத்த அறையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், மாமியின் கட்டிலருகே மாமியாகக் கேட்டாலொழிய வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாதி சொன்னதைக் கேட்கவில்லை என்றால் நாளையே மாற்றுங்கள். அது அவர் மதத்துக்காக அல்ல, சொல் கேளாமைக்காக. சாகக் கிடப்பவரிடம் மதம் பேசி மனத்தைக் கலைப்பவர் எந்த மதத்தவரானாலும் தாதி வேலைக்கு ஆகமாட்டார். மாத்திரையை நிறுத்தினால் சுகம் வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். சுகமளிக்கும் ஜெபம் என்று வந்தாலும் சரி, அரச மரத்துக்குச் செய்யும் போதி பூசைக்கு மொத்தமாக இவ்வளவு என்று வந்தாலும் சரி.

ஜெபம் இருந்த இடத்தில் என்ன வைப்பது? போஜ்ஜங்க பிரித்தைச் சிறு ஒலியில் வைக்கலாம். புத்தர் நோயுற்றிருந்தபோது அவருக்கே சுந்தர் என்ற பிக்கு ஓதிக் கேட்பித்தது அது. இன்னொன்று நீங்களே செய்யக்கூடியது. எல்லாளனோடு போரிட்ட சிங்கள மன்னன் துட்டகைமுனு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவன் செய்த நற்காரியங்கள் எழுதிய புண்ணியப் புத்தகத்தைப் படித்துக் காட்டியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். மாமி கொடுத்த தானங்கள், படிக்க வைத்த பிள்ளைகள், உங்கள் பிரசவத்துக்குச் செய்த உதவி எல்லாவற்றையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள், மாலையில் வாசித்துக் காட்டுங்கள். கத்தோலிக்க மருமகள் பௌத்த மாமிக்கு இதைவிடப் பெரிய பணிவிடை செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஜெபமாலையை மனத்துக்குள் சொல்லுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாக அந்த 8 மணி நேரக் கணக்கு. இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் திருத்த முடியாது. உடலை 8 மணி நேரம் தொடாமல் வைப்பது சீனா, தைவான், வியட்நாம் போன்ற இடங்களின் சுகாவதி பௌத்தரிடம் உள்ள வழக்கம். திபெத்தியர் சிலர் மூன்று நாள்கூட வைப்பார்கள். உயிர் உடலைவிட்டு மெல்லத்தான் நீங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இலங்கையின் தேரவாத மரபில் மரணத்துக்கு அடுத்த கணமே மறுபிறப்பு என்பதே போதனை, அதனால் அப்படிக் காத்திருக்கும் வழக்கம் இங்கே இல்லை. காணொளி போடுகிறவர்கள் பௌத்தர் என்றால் எல்லோரும் ஒன்று என்று பேசிவிட்டுப் போகிறார்கள். இலங்கையில் கண்தானம் இவ்வளவு பரவியதே தானம் என்ற பௌத்த எண்ணத்தால்தான். சிவி அரசனாகப் பிறந்த போதிசத்துவர் தம் கண்களையே கொடுத்த ஜாதகக் கதை சிங்கள வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம் இங்கே கிடைத்த விழிவெண்படலங்களை, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலங்களை, பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது.

விழிவெண்படலத்தை இறந்த சில மணி நேரத்துக்குள், 6 மணி நேரம் தாண்டாமல், எடுத்துவிட வேண்டும். மச்சாளின் 8 மணி நேரம் காத்திருந்தால் மாமியின் தானம் வீணாகும். மார்பகப் புற்றுநோய் என்பதால் மட்டும் கண்ணை மறுக்கமாட்டார்கள். இரத்தப் புற்றுநோய், கண்ணிலேயே வந்த புற்று போன்றவற்றுக்குத்தான் பொதுவாக அந்தத் தடை. முடிவு சங்கத்தாருடையது, அதனால் நோய் விவரத்தை இப்போதே சொல்லிவையுங்கள். உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அழையுங்கள். மரணத்தை உறுதிப்படுத்த எந்த வைத்தியர் வருவார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள், நள்ளிரவில் தேட முடியாது. செய்தி கேட்டதும் முதலில் வந்து நிற்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் மலர்ச்சாலையின் தரகராக இருப்பார். “உடல் கெடாமலிருக்க உடனே மருந்தேற்ற வேண்டும்” என்று அவசரப்படுத்துவார். கண் எடுத்த பிறகுதான் மற்றது என்று கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கணவர், மச்சாள், தாதி மூவருடைய கைபேசியிலும் இன்றே பதியுங்கள். அதற்கு முன் மாமியையும் மச்சாளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கண்தானம் பற்றி மாமி வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.