முதல்ல வாள் வாங்காதீங்க தம்பி

டோக்கியோ வந்து மூணு மாசம் ஆகுது, இயாய்தோ, அதாவது உறையிலிருந்து வாளை உருவி வீசுற ஜப்பானியக் கலைப் பயிற்சியில சேரணும், நல்ல கத்தானா, அதாவது ஜப்பானிய வாள், எங்க கிடைக்கும், கருப்பு பெல்ட் வாங்க எத்தனை மாசம் ஆகும், பாஷை தெரியாம சேர்த்துப்பாங்களானு கேட்டிருந்தீங்க. ஊர்ல சிலம்பம் சுத்தினவர்னும் சொல்லியிருந்தீங்க. உங்க கேள்வியைப் படிச்சதும் 2009-ல வந்து இறங்கின என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு.

தம்பி, வாள் வாங்காதீங்க. நான் வாங்கினேன். முதல் சம்பளம் வந்த வாரமே, சுற்றுலாக்காரங்க மொய்க்கிற ஒரு கடையில, சுவத்துல மாட்டுற வாளை "பயிற்சிக்கும் ஆகும்"னு என் தலையில கட்டிட்டாங்க. அதைத் தூக்கிக்கிட்டு டோஜோவுக்கு, அதாவது பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். சென்செய், அதாவது ஆசான், வாங்கிப் பிடியை லேசா ஆட்டினார். உள்ள கடகடனு சத்தம். ஒரு வார்த்தை பேசல. மறுபடி பைக்குள்ள வெச்சுட்டு, ஒரு மர வாளை எடுத்துக் கையில கொடுத்தார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அலங்கார வாள்ல அலகு பிடிக்குள்ள உறுதியா நிக்காது. வேகமா வீசினா கழண்டு பக்கத்துல நிக்கிறவர் மேல பாயும். ஒழுங்கான வாள்லயே அலகைப் பிடியோட சேர்த்து நிறுத்துறது மெகுகிங்கிற சின்ன மூங்கில் ஆணிதான். இன்னிக்கும் அதைத் தொட்டுப் பார்க்காம நான் வாளை உருவுறதில்ல.

சட்டமும் சொல்லிடறேன். நிஜ வாளுக்கு மாநிலக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சீட்டு கூடவே இருக்கணும். கை மாறினா 20 நாளுக்குள்ள தெரிவிக்கணும். பயிற்சிக்கு வர்றது கூர் இல்லாத துத்தநாக-அலுமினியக் கலவை வாள். அதுக்குப் பேர் இயாய்த்தோ, கலைக்குப் பேர் இயாய்தோ. தமிழ்ல எழுதினா ஒரு 'த்'துதான் வித்தியாசம், கடையில மாத்திச் சொல்லி முழிக்காதீங்க. இதையும் தகுந்த காரணம் இல்லாம வெளியில எடுத்துக்கிட்டுத் திரியக் கூடாது. பயிற்சிக்குப் போகும்போது பைக்குள்ள மூடித்தான் போகணும். அதுவும் எப்போ, என்ன நீளம்னு சென்செய் சொல்லுவார். அதுவரைக்கும் பொக்குதோ, அதாவது மர வாள் போதும்.

அடுத்தது முட்டி. பந்தியில சப்பணம் போட்டு உட்கார்ந்து வளர்ந்தவன், தரையில உட்கார எனக்குக் கத்துத்தரணுமானு நினைச்சேன். இங்க செய்ஸா. மண்டி போட்டு, குதிகால் மேல உட்காரணும். பத்தே நிமிஷத்துல கால் மரத்துப்போய், எழுந்திருக்கப் பார்த்துப் பக்கத்துல இருந்த எழுபது வயசுப் பெரியவர் மடியில விழுந்தேன். இந்தக் கலையை நடத்துற ஜப்பான் சம்மேளனத்தோட பொதுப் பாடத்துல 12 அசைவு முறைகள் இருக்கு. முதல் முறையே இந்த உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்பி உருவுறதுதான். எதிரி கிடையாது, இருக்கிறதா பாவிச்சுக்கணும். ஆளை அடிச்சுப் பார்க்கணும்னா கெண்டோவுக்குப் போங்க. நாலு மூங்கில் பட்டை சேர்த்த ஷினாய் வாள், தலைக்கவசம், நெஞ்சுக்கவசம் எல்லாம் உண்டு.

சிலம்பம் தெரியும்னு அங்க போய்ச் சொல்லிக்காதீங்க. நான் சொன்னேன். சிலம்பம் பழகின மணிக்கட்டு தன்னால சுழலும், தோள் தூக்கிக்கும். அதை மறக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாரும் வலக்கையைத்தான் பார்ப்பாங்க. வேலை முழுக்க இடக்கையில இருக்கு. உருவும்போது உறையைப் பின்னால இழுக்கிறது அது. திரும்பச் சொருகும்போது உறையோட வாயை மூடிப் பிடிக்கிறதும் அது. அந்த வாய்க்கு கொய்குச்சினு பேர், கெண்டைமீன் வாய். வாளைப் பார்க்காம சொருகணும். கூர் இல்லைனாலும் முனை குத்தும்; என் இடது கட்டைவிரல் பக்கத்துல தழும்பு இருக்கு.

பெல்ட்டா? இடுப்புல கட்டுற பட்டையில கலர் வித்தியாசமே கிடையாது. 'டான்'ங்கிற தரநிலைதான் உண்டு. முதல் டானுக்கு அப்புறம் ரெண்டாவதுக்கு 1 வருஷம், மூணாவதுக்கு 2, நாலாவதுக்கு 3 வருஷம் பொறுக்கணும், இப்படியே போகும். மாசக் கணக்கு கேட்டா சிரிப்பாங்க. நம்ம ஆளுங்க, இந்தியர் நிறைய இருக்கிற நிஷிகசாய்ல இருந்து நாலஞ்சு பேர் சேர்ந்து வருவாங்க, ஹக்காமாங்கிற அகலமான பயிற்சி உடை போட்டுப் போட்டோ எடுப்பாங்க, மூணாம் வாரம் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் போறவங்ககிட்ட சென்செய் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பார். அதுக்கும் சேர்த்து நீங்க கடன் அடைக்கணும்.

பாஷையெல்லாம் பார்த்துக்கலாம். வார்டு விளையாட்டு மையத்துல விசாரிச்சு, முதல் நாள் 'கென்காகு', வெறுமனே ஒரு ஓரமா உட்கார்ந்து பார்க்கிறதுக்கு அனுமதி கேளுங்க. முடிஞ்சதும் தரை துடைக்கத் துணி எடுப்பாங்க. நீங்களும் ஒண்ணு எடுங்க. எனக்கு அங்க முதல்ல பேச்சுக் கொடுத்தது அந்தத் துணியைப் பிழிஞ்சுக்கிட்டிருந்த பெரியவர்தான். ஆமா, மடியில விழுந்தேனே, அவரேதான்.

அந்தக் கடை வாள் இன்னும் அலமாரி மேலதான் கிடக்கு. ஹாலோவீன் வந்தா எடுத்துத் தரச் சொல்லி என் பொண்ணு அடம்பிடிப்பா. வெளியில கொண்டு போகக் கூடாதுனு சட்டத்தைச் சொல்லித்தான் வருஷா வருஷம் தப்பிச்சுக்கிட்டிருக்கேன்.