மரப் பட்டறையில் தீ: வாசகர் கேள்விகள்

லயத்து இஸ்தோப்பை அடைத்துத் தச்சு வேலை செய்கிறேன். மரத்துக்குப் பூசும் லின்சீட் ஒயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்குமாமே? எங்கள் குளிரிலுமா? (ஹட்டன்)

பிடிக்கும். குளிரை நம்பாதீர்கள். அந்த ஒயில், தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். விரித்த துணி என்றால் சூடு வெளியேறிவிடும். சுருட்டிப் போட்டாலோ உள்ளேயே தங்கி ஏறி, சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். சாயங்காலம் மூலையில் எறிந்த துணி, எல்லோரும் தூங்கும்போது எரியத் தொடங்கலாம். லயத்தில் ஒரே கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள்! துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். மழையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் அமிழ்த்தி மூடி, வெளியில் வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

உளி தீட்டும் கிரைண்டரும் பட்டறைக்குள்ளேதான் இருக்கிறது. பரவாயில்லையா? (பண்டாரவளை)

வெளியே கொண்டுபோங்கள். மரத்தூளில் விழுந்த பொறி சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்று கிடக்கும். வேறு இடமே இல்லையென்றால், முதலில் தூளையும் சீவலையும் கூட்டி அள்ளிவிட்டுத் தீட்டுங்கள். தீட்டியதும் கதவைப் பூட்டிவிட்டுப் போகாமல் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். கருகல் வாடை வந்தால் விடாமல் தேடுங்கள்.

மழைக்காலத்தில் பலகை காய, பட்டறைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா? (நுவரெலியா)

வேண்டவே வேண்டாம். பட்டறையில் பெயின்ட், வார்னிஷ் கரைக்கும் தின்னர் இருந்தால், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தொட்டுவிடும். அடைத்த அறையில் கரிப்புகையின் காபன் மொனொக்சைட்டும் ஆளைக் கொல்லும். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, கூரையின் கீழ் காற்றோட்டமாக விடுங்கள். நாளாகும்தான், ஆனால் மரம் வெடிக்காமலும் காயும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, போதாதா? (தலவாக்கலை)

அது மின்கசிவுக்குத்தான். சுருட்டியபடியே கிடக்கும் வயர்கோட் (தூரத்து பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும் நீள வயர்) சூடேறி உருகுவதை அது கண்டுகொள்ளாது. வயரை முழுதாக விரித்துப் பாவியுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளில் அடைந்த தூளையும் எடுத்துவிடுங்கள்.

தீயை அணைக்க ஒரு வாளி தண்ணீர் வைத்திருக்கிறேன். போதுமா? (ஹப்புத்தளை)

மரத்தூளுக்குச் சரி, மெதுவாக ஊற்றுங்கள். வீசினால் தூள் கிளம்பிப் பற்றும். தின்னர் தீக்கும் மின்சாரத் தீக்கும் தண்ணீர் ஆகாது. இவை எல்லாவற்றுக்கும் ஏற்ற ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றை வாசலருகே மாட்டுங்கள். புகை சூழ்ந்துவிட்டால் அணைக்க நிற்காமல் வெளியேறி, பக்கத்து வீட்டாரையும் எழுப்பி, தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள்.