கணிதத் தாளை எப்படித் திருத்துகிறார்கள்? ஒரு பரீட்சகரிடம் சில கேள்விகள்

கல்விப் பொதுத் தராதர சாதாரண தரக் கணித விடைத்தாள்கள் திருத்தப்படும் முறை பற்றிக் கொழும்புப் பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் உதவிப் பரீட்சகராகத் தொடங்கி, பிரதம பரீட்சகராக இருந்து இளைப்பாறிய கணித ஆசிரியை. “தனிப்பட்ட எந்த விடைத்தாளைப் பற்றியும் பேசமாட்டேன், இந்த வருடம் யார் திருத்துகிறார்கள் என்றும் கேட்கக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: டீச்சர், கணிதத்துக்கு விடை ஒன்றுதானே? சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. கட்டுரை என்றால் ஆளுக்கு ஆள் புள்ளி மாறும். கணிதத்தில் எப்படி மாறும்?

இதே நம்பிக்கை நூறு வருடத்துக்கு முன்னும் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்று இருவர், ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் கொடுத்தால் புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்று 1912 இல் காட்டினார்கள். ‘அது மொழிப் பாடம், கணிதத்தில் இப்படி வராது’ என்ற எண்ணம் பலருக்கு. 1913 இல் ஒரு மாணவரின் கேத்திரகணித விடைத்தாளைப் பிரதியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாள்தான். ஒருவர் 28 போட்டார், இன்னொருவர் 95 போட்டார், மற்றவர்கள் இடையில்.

அவர்களில் யாரும் கணிதம் தெரியாதவர் இல்லை. ஒருவர் படத்தின் சுத்தத்துக்குப் புள்ளி வெட்டினார், ஒருவர் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் விடையை மட்டும் பார்த்தார், ஒருவர் வழியைப் பார்த்தார். எதற்குப் புள்ளி என்று முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் கணிதமும் கட்டுரை மாதிரித்தான்.

கொட்டாஞ்சேனை, 11ஆம் தர மாணவி: முதலாம் தாளில் விடையை மட்டும் எழுதினால் போதுமா மிஸ்?

முதலாம் தாளின் முதற் பகுதியில் 25 சின்ன வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அங்கே சரியான விடை இருந்தால் செய்கை இல்லாவிட்டாலும் பொதுவாக இரண்டும் கிடைக்கும். விடை பிழைத்து, உரிய படி ஒன்று சரியாக எழுதியிருந்தால் பல வினாக்களில் 1 கிடைக்கும். ஆகவே மனக்கணக்கில் வந்தாலும் ஒரு வரி எழுதிவையுங்கோ மகள். அந்த ஒரு வரிதான் காப்பு.

அடுத்த பகுதியில் 10 புள்ளி வினாக்கள் ஐந்து. இரண்டாம் தாளில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறில் ஐந்தாகப் பத்து வினாக்கள் செய்ய வேண்டும், அவையும் பத்துப் பத்து. இரண்டு தாளும் சேர்த்து 200, அதைப் பாதியாக்கித்தான் உங்கள் புள்ளி வரும். இரண்டாம் தாளின் அறிவுறுத்தலிலேயே படிமுறைகளையும் அலகுகளையும் எழுதச் சொல்லியிருக்கிறது. முக்கியமாக ‘எனக் காட்டுக’ என்று வரும் வினாக்கள். விடையை அவர்களே தந்துவிட்டார்கள், அதைத் திரும்ப எழுதியதற்கு யார் புள்ளி தருவார்? முழுப் புள்ளியும் நடுவில் உள்ள வரிகளுக்குத்தான். டியூஷனில் பழகிய குறுக்குவழியில் இரண்டு வரி தாண்டிப் பாய்ந்து, கடைசி வரியில் வினாத்தாளிலிருந்த விடையை எழுதிவைக்கும் பிள்ளைகள் ஏராளம்.

தெஹிவளை, தனியார் வகுப்பு ஆசிரியர்: முதல் வரியில் ஒரு எண் பிழைத்தால் அந்த வினாவே போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

போகாது என்று சொல்லுங்கள் சேர், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள். ஒருவர் 60 000 ரூபாவுக்கு, பங்கொன்று 30 ரூபா வீதம் பங்குகள் வாங்குகிறார். பங்கொன்றுக்கு 4 ரூபா பங்கிலாபம். 2000 பங்கு, 8000 ரூபா வரவேண்டும். பிள்ளை 60 000 ஐ 30 ஆல் வகுக்க வேண்டும் என்று சரியாக எழுதிவிட்டு 200 என்று போடுகிறது. பிறகு 200 ஐ 4 ஆல் பெருக்கி 800 என்கிறது.

வகுக்க வேண்டும் என்று கண்டதற்குப் புள்ளி உண்டு. 200 க்கு இல்லை. பங்கு எண்ணிக்கையை 4 ஆல் பெருக்கியது சரியான முறை, அதற்கும் புள்ளி உண்டு. கடைசி 800 க்கு என்ன என்பதை அந்த வருடத்துப் புள்ளித் திட்டம், அதாவது எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று எழுதிய வழிகாட்டி, சொல்லும். நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குத் தீர்மானிப்பதில்லை. ஒரு பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை என்பதே இதன் அடிப்படை.

எல்லை ஒன்று இருக்கிறது. பிழை அந்தக் கணக்கை இலகுவாக்கிவிட்டால் இந்தச் சலுகை கிடைக்காது. இருபடிச் சமன்பாட்டில் வர்க்க உறுப்பைத் தொலைத்துவிட்டு எளிய சமன்பாடாக்கித் தீர்த்தால், இருபடியைத் தீர்க்கும் திறனுக்கு ஒதுக்கிய புள்ளியை எப்படிக் கொடுப்பது? அந்தத் திறன் தாளிலேயே இல்லையே.

வத்தளை, ஒரு தந்தை: மண்டபத்துக்கு மண்டபம், ஊருக்கு ஊர் வேறு வேறு ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். என் மகனின் தாள் கடுமையான ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால்?

இந்தப் பயத்துக்காகத்தான் முழு அமைப்பும் கட்டப்பட்டிருக்கிறது ஐயா. தாளில் பெயர் இல்லை, பாடசாலை இல்லை, சுட்டெண் மட்டும். திருத்தத் தொடங்கும் முன் பரீட்சகர்கள் புள்ளித் திட்டத்தை வினா வினாவாகக் கலந்துரையாடுகிறார்கள். இந்தப் படிக்கு ஏன் 1, அந்தப் படிக்கு ஏன் 2, அலகு எழுதாவிட்டால் என்ன, தசமத்தில் எத்தனை தானம் ஏற்றுக்கொள்ளலாம் என்று. பிறகு சில மாதிரி விடைத்தாள்களை எல்லோரும் தனித்தனியே திருத்திப் புள்ளிகளை ஒப்பிடுவோம். சண்டை வருவது அங்கேதான், வரவும் வேண்டும். ஒரே விடைக்கு ஒருவர் 7, ஒருவர் 5 போட்டால் அந்த இரண்டு புள்ளி எங்கே போனது என்று வரிவரியாகத் தேடுவோம். பெரும்பாலும் திட்டத்திலுள்ள ஒரு சொல்லை இருவரும் இருவிதமாக வாசித்திருப்பார்கள்.

திருத்தல் தொடங்கியதும் உதவிப் பரீட்சகர்கள் சிவப்புப் பேனாவில் புள்ளியிடுவார்கள். பிரதம பரீட்சகரின் பேனா ஊதா. அவர் இடையிடையே தாள்களை எடுத்துத் தானும் திருத்திப் பார்ப்பார். எந்த வரியில் யார் என்ன முடிவெடுத்தார் என்பது நிறத்திலேயே தெரியும். இலக்கம் மாற்ற வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோட்டால் கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் குறிப்பொப்பம் இடவேண்டும். உப பகுதிகளின் புள்ளி முக்கோணத்துக்குள், வினாவின் மொத்தம் பெட்டிக்குள். கடைசியில் கூட்டலைச் சரிபார்க்க வேறொருவர். கணித ஆசிரியர்களின் கூட்டலை இன்னொருவர் சரிபார்ப்பதா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். நூறாவது தாளில் அவர்களுக்கே விளங்கும்.

கடுமையான பரீட்சகர் அவ்வளவு ஆபத்தில்லை, அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாத் தாளிலும் ஒரே பக்கம் சாய்வார். காலையில் தாராளமாகவும் பின்னேரம் கறாராகவும் போடுபவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும், அந்த வகுப்பறையில் மாலை வரை ஒரே மனநிலையில் இருப்பது லேசு இல்லை. மிக நல்ல தாள் ஒன்றைத் திருத்திய கையோடு ஒரு நடுத்தரத் தாள் வந்தால் அது இருப்பதைவிட மோசமாகத் தெரியும். அதனால்தான் இடையிடையே பழைய தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுவேன்.

தெமட்டகொடை, மாணவர்: வகுப்பில் சொல்லித்தராத முறையில் கேத்திரகணித நிறுவல் எழுதினால் வெட்டுவார்களா?

முறை சரியென்றால் வெட்டமாட்டார்கள் தம்பி. புள்ளித் திட்டத்திலேயே மாற்று முறைகள் சில இருக்கும். அங்கே இல்லாத ஒன்று வந்தால் உதவிப் பரீட்சகர் தனியே முடிவெடுக்காமல் பிரதம பரீட்சகரிடம் கொண்டுபோவார். ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும், ஏற்கெனவே திருத்திய தாள்களில் அதே முறை இருந்திருந்தால் அதையும் திரும்பப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் அதைச் செய்யாவிட்டால் முதலில் வந்த பிள்ளைக்கு அநியாயம்.

நிறுவலில் புள்ளி போவது வேறு இடத்தில். இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசையும் என்று எழுதிவிட்டு எந்த வகையில் என்று சொல்லாமல் விடுவது. வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணம் என்ற காரணத்தை எழுதாமல் கூட்டுத்தொகை 180 பாகை என்று மட்டும் போடுவது. அதைவிட மோசம், நிறுவ வேண்டியதையே இரண்டாம் வரியில் உண்மையென்று எடுத்துக்கொள்வது. எத்தனை வரி எழுதியிருந்தாலும் அதற்குப் பிறகு வருபவை செல்லுபடியாகாது.

பம்பலப்பிட்டி, சர்வதேசப் பாடசாலை மாணவியின் தாய்: மகள் லண்டன் பரீட்சை எடுக்கிறாள். அங்கேயும் இதே முறையா?

அடிப்படை ஒன்றுதான். அவர்களின் திட்டத்தில் புள்ளிகளுக்கு எழுத்து இருக்கும்: முறைக்கு எம், துல்லியத்துக்கு ஏ, தனித்து நிற்கும் விடைக்கு பீ. முறைப்புள்ளி கிடைக்காவிட்டால் அதைச் சார்ந்த துல்லியப் புள்ளியும் கிடைக்காது. தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்துவதால் ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே புள்ளி தீர்மானித்த விடைகளைப் பரீட்சகருக்குத் தெரியாமல் நடுவில் கலந்துவிடுவார்கள். அவற்றில் விலகிப் போனால் அவரை நிறுத்திவைத்து விளக்கம் கொடுப்பார்கள். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது. இன்னொன்று, அந்தப் பரீட்சைகளை நடத்தும் சபைகளில் ஒன்றான எட்எக்செல்லில் பிள்ளை வெட்டிவிட்ட செய்கைக்குப் பதிலாக வேறொன்றும் எழுதாவிட்டால், வெட்டியதையே திருத்துவார்கள். ஆகவே வெட்டுவதென்றால் ஒற்றைக் கோட்டால் வெட்டச் சொல்லுங்கள், கிறுக்கி மறைக்க வேண்டாம்.

மட்டக்குளி, ஒரு அக்கா: தம்பிக்கு டபிள்யூ (சித்தியில்லை) வந்தது. 35 என்றால் எஸ் (சாதாரண சித்தி). ஒரு புள்ளியில் தவறியிருந்தால் அதைப் போட மனம் வராதா?

மனம் பற்றிய கேள்வி இல்லை பிள்ளை. திருத்துபவருக்கு முன்னால் இருப்பது ஒரு தாள். மற்றத் தாளில் எத்தனை என்று தெரியாது, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் எங்கே நிற்கும் என்றும் தெரியாது. தெரிந்தாலும் போடக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. நான் இரங்கிப் போட்ட ஒரு புள்ளி, அதே விடையை எழுதிப் பக்கத்து மேசைக்குப் போன பிள்ளைக்குக் கிடைக்காது. இரண்டு பேருக்கும் ஒரே செய்கை, ஒருவருக்கு எஸ், மற்றவருக்கு டபிள்யூ.

அதே அக்கா: அப்படியென்றால் மீள்பரிசீலனைக்குப் போடலாமா?

போடலாம், விண்ணப்ப முடிவுத் திகதியைப் பார்த்து உடனே போடுங்கோ. கூட்டலில் பிழை, திருத்தாமல் விட்ட மேலதிகத் தாள், பதியும்போது இடம் மாறிய இலக்கம் என்பவைதான் பொதுவாக மாறக்கூடியவை. ‘இந்தப் படிக்கு இன்னும் கொஞ்சம் தந்திருக்கலாம்’ என்ற எண்ணத்தில் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மருதானை, மாணவர்: இரண்டாம் தாளின் ஒரு பகுதியில் ஐந்து வினாவுக்குப் பதிலாக ஆறும் செய்தால்?

மேலதிகமானதையும் திருத்தி, குறைந்த புள்ளி பெற்றதை வெட்டுவார்கள். நட்டமில்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்த ஐந்தையும் சரிபார்த்திருக்கலாம்.

வெள்ளவத்தை, மாணவி: கையெழுத்து அசிங்கமாக இருந்தால்?

வாசிக்க முடிந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி எழுதுவதுதான் பிரச்சினை. அமைப்பு வினாக்களில் கவராயத்தால் போட்ட விற்களை அழிக்கவே கூடாது. விற்கள் இல்லாத கோணம் பாகைமானியால் வரைந்ததாகத்தான் கொள்ளப்படும்.

கிராண்ட்பாஸ், இளம் ஆசிரியர்: தவணைப் பரீட்சைக்கு எங்கள் தரத்தில் நான்கு வகுப்பு, நான்கு ஆசிரியர்கள். பிள்ளைகள் ‘அந்த வகுப்பில் புள்ளி அள்ளிப் போடுகிறார்கள்’ என்கிறார்கள். பரீட்சைத் திணைக்களம் மாதிரி எங்களால் முடியுமா?

பாதிக்கு மேல் முடியும். வினாத்தாளைத் தயாரிக்கும்போதே புள்ளித் திட்டத்தையும் எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால் அரைவாசி வினாக்களில் புள்ளி ஒதுக்கியது பொருந்தாது என்று அப்போதே தெரியவரும். பரீட்சை முடிந்ததும் நான்கு வகுப்பிலிருந்தும் சில தாள்களை எடுத்து நால்வரும் ஒன்றாக இருந்து திருத்துங்கள். பிள்ளைகள் நீங்கள் நினைக்காத வழிகளில் பிழைப்பார்கள், அவற்றைத் திட்டத்தில் சேருங்கள். அதற்குப் பிறகு திட்டத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் எல்லாத் தாளையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

முடிந்தால் வகுப்பாகப் பிரிக்காமல் வினாவாகப் பிரியுங்கள். நான்கு வகுப்பின் மூன்றாம் வினாவையும் ஒருவரே திருத்தினால், அவர் கறாரானவர் என்றாலும் எல்லாருக்கும் ஒரே கறார். உங்கள் வகுப்புப் பிள்ளையின் எழுத்து உங்களுக்குத் தெரியும், ‘இவன் கெட்டிக்காரன், தெரிந்துதான் எழுதியிருப்பான்’ என்று கை தானாகப் புள்ளி போடும். அதையும் இது குறைக்கும். ஒரு தாளை இரண்டாமவர் திருத்துவதென்றால் முதலாமவரின் புள்ளியை அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்குப் பக்கத்திலேயே போடுவார், நானும் போடுவேன். எல்லாம் முடிந்தபின் முதலில் திருத்திய தாள்களில் சிலவற்றை மறுபடி எடுத்துப் பாருங்கள். சில நேரம் நாம் திருத்தியதா என்று சந்தேகமே வரும்.

வத்தளை, தந்தை மீண்டும்: மகனுக்கு இப்போது நான் என்ன செய்து கொடுக்கலாம்?

பரீட்சைத் திணைக்களம் கடந்த வருடங்களின் புள்ளித் திட்டங்களை வெளியிட்டிருக்கிறது. ஒரு வருடத்தை எடுங்கள். மகன் தாளைச் செய்யட்டும், நண்பன் ஒருவனும் செய்யட்டும். பிறகு இருவரும் தாளை மாற்றிச் சிவப்புப் பேனாவோடு திட்டத்தின்படி திருத்தட்டும், நீங்கள் நடுவில் தலையிட வேண்டாம். சண்டை வரும் இடங்களை மட்டும் குறித்து வைத்துக் கணித ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.