குஞ்சு மீன்கள் கொத்தாகச் சாவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மருந்தின் பெயரைக் கேட்பவை. குஞ்சுகள் செத்தால் எல்லாரும் முதலில் நோயைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன், அதற்கும் முன்னால் தீனி டப்பாவைப் பார்ப்பேன். இதோ முதல் கேள்வி.

குப்பி மீன் குஞ்சுகள் இரண்டு மாதமாக நன்றாக வளர்ந்தன. தண்ணீரே மாற்றவில்லை. ஆவியானதற்கு ஈடாகக் கேன் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தேன். போன ஞாயிறு பாதிக்கு மேல் இறைத்துவிட்டுப் போர் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் காலை முக்கால்வாசி செத்துக் கிடந்தன. போர் தண்ணீரில் விஷமா?

போர் தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதமாக அந்தத் தொட்டியில் நடந்ததைப் பாருங்கள். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும். நீங்கள் ஊற்றிய கேன் தண்ணீரில் தாது உப்பு குறைவு என்பதால் இழந்தது திரும்பவில்லை. பி.எச். என்ற அமில, கார அளவு மெல்ல இறங்கியிருக்கும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். அது 6.5-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாக்களும் மந்தமாகிவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும்.

அப்படியும் குஞ்சுகள் ஏன் பிழைத்திருந்தன? அமிலத் தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சூடு கூடினாலும் ஏறும். நீங்கள் கடினமான போர் தண்ணீரை ஊற்றியதும் தொட்டியில் மிச்சமிருந்த அம்மோனியம் ஒரே இரவில் விஷமாகிவிட்டது. கூடவே பி.எச். தாவிய அதிர்ச்சி வேறு. செவுள் ஓரம் சிவந்து, மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியிருக்குமே?

மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்கு இரண்டு நாள் தீனியைக் குறையுங்கள். இனிமேல் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மேலாக மொண்டு எடுக்காதீர்கள். ஏர் டியூபின் நுனியில் ஒரு குச்சியைக் கட்டி, தரையோடு நகர்த்தி, அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி வாளியில் விடுங்கள். வாளியை உடனே கொட்டிவிடாமல் ஒரு நோட்டம் பாருங்கள், எப்படியும் சில குஞ்சுகள் அதில் வந்திருக்கும். போர் தண்ணீரை முந்தைய இரவே பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) போட்டு வையுங்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். பிடித்தவுடன் பி.எச். பார்த்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும். வாயு வெளியேறிய பிறகு காட்டுவதுதான் நிஜ அளவு.

அப்படியானால் கேன் தண்ணீரே கூடாதா? சுத்தமானதுதானே?

நாம் குடிக்கச் சுத்தம். குப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீர் மீன்கள். அவற்றின் குஞ்சுகளுக்கு எலும்பு வளரக் கால்சியம் வேண்டும். உங்கள் போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் அதோடு கலக்கக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தலாம். தனியாக வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது.

அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்குக் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: வெயில் காலத்தில் மதியம் மாடித் தொட்டித் தண்ணீரை நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். குளோரினைவிட அந்தச் சூட்டில் போன குஞ்சுகள் அதிகம் இருக்கும்.

அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கிறேன். தண்ணீர் பால் போலக் கலங்குகிறது. ஃபில்டர் சரியில்லையா?

ஃபில்டர் மேல் தப்பில்லை. மஞ்சள் கருவில் குஞ்சு தின்பது கொஞ்சம், தண்ணீரில் கரைவது மிச்சம். அதைத் தின்று பெருகும் பாக்டீரியாதான் அந்தப் பால் நிறம். அது ஆக்சிஜனையும் தின்றுவிடும். வேறு வழியே இல்லாத நாளில் குண்டூசித் தலை அளவு எடுத்து, துணியில் கட்டிப் பிழிந்து கொடுங்கள்.

நல்ல தீனி ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால்தான். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து நிறுத்துங்கள். 25 முதல் 30 கிராம் கல் உப்பு கரைத்து, அரை டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை போட்டு, ஏர் டியூபை மூடிவரை இறக்கி நன்றாகக் கொப்பளிக்க விடுங்கள். விளக்கு வெளிச்சம் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் தங்கும். கீழே ஒரு பக்கம் டார்ச் அடித்தால் பொரிந்த ஆர்டீமியா ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டு அங்கே திரளும். அதை மட்டும் டியூபால் உறிஞ்சி, கைக்குட்டையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. ஆர்டீமியா நன்னீரில் சில மணி நேரமே உயிரோடு இருக்கும்; ஆகவே குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மிஞ்சியது செத்து அழுகினால் மறுபடி அதே அம்மோனியா கதைதான்.

ஃபைட்டர் மீன் நுரைக்கூடு கட்டி முட்டை பொரிந்துவிட்டது. குஞ்சுகள் வால் கீழே தொங்க நிற்கின்றன. ஆர்டீமியா போடலாமா?

இப்போது எதுவும் போடாதீர்கள், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. பெண்ணை முட்டையிட்டதுமே எடுத்திருப்பீர்கள். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் படுக்கை வாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கு ஆணையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் வாய்க்கு முதல் சில நாள் ஆர்டீமியாவே பெரிது. பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு முட்டைக்கோஸ் இலையை ஊறவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் கலங்கி நாறும், சில நாளில் தெளியும். தெளிந்த பிறகு அதில் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள் இருக்கும். சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொட்டியை மூடியே வையுங்கள். சில வாரங்களில் அவை மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும்போது ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது.

புதுத் தொட்டி, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர். எப்போது குஞ்சுகளை விடலாம்?

அம்மோனியாவை மாற்றும் அந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் புதிதோடு சேர்த்து ஓட்டுங்கள், காலம் வெகுவாகக் குறையும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். இறைத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

ஆண் குப்பி செத்து ஒரு மாதமாகிறது. பெண் மறுபடி குட்டி போட்டிருக்கிறதே?

ஆணின் விந்தணுக்களைப் பெண் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். இன்னும் போடும்.

குஞ்சுகள் பெருகிவிட்டன. ஏரியில் விட்டுவிடலாமா?

வேண்டாம். குப்பி தென் அமெரிக்க மீன். இங்கே விட்டால் உள்ளூர் மீன்களின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. பக்கத்து மீன் கடையில் கேளுங்கள், பெரும்பாலும் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தீனி கொடுப்பார்கள். சென்னைக்காரர் என்றால் கொளத்தூர் வண்ண மீன் சந்தை இருக்கிறது. எடுத்துப் போகும் முந்தைய நாள் தீனி போடாதீர்கள், பையில் தண்ணீர் கெடாமல் இருக்கும்.