பாடநூலில் இல்லாத பக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் கணித-உயிரியல் பிரிவில் படிக்கும் மகள், நீட் பயிற்சிக்கு நடுவே அறிவியல் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது மதிப்பெண்ணைக் கெடுத்துவிடுமோ என்று வருந்தியிருக்கிறீர்கள். சென்ற வாரம் நீங்கள் இருவரும் வந்திருந்தபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் கீழும் பாடநூலில் அதற்குரிய பக்க எண்ணைச் சிவப்பு மையில் குறித்திருந்தாள். புரதங்களின் வடிவைக் கணினி கணிப்பதைப் பற்றிய துண்டின் கீழ் மட்டும் 'பாடத்தில் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அவள் எழுதியது சரி. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் புதிய பாடநூல்கள் 2019இல் வந்தவை. அமினோ அமில வரிசையிலிருந்து ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 மென்பொருள் தன் திறனை மெய்ப்பித்ததோ 2020இன் இறுதியில். புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி ஆராயும் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் ஒரே ஒரு புரதத்தின் வடிவை அறியப் பல மாதங்களும், சில வேளை ஆண்டுகளும் பிடித்த நிலை மாறி, 2022இல் ஏறத்தாழ 20 கோடிப் புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. இப்பணிக்காக 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் கிடைத்தது. பாடநூலை நான் குறை சொல்லவில்லை. அதிலுள்ள அடிப்படை இல்லாமல் அந்தச் செய்தியே அவளுக்கு விளங்கியிருக்காது. புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் பயன்படும் வரைபடத்தை 1963இல் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும்தாம் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள்.

இன்று கல்லூரியில் சேரும் பிள்ளை வேலைக்குப் போக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் எந்தத் துறை எப்பக்கம் திரும்பும் என்பதை நாளிதழின் அறிவியல் பக்கம் ஓரளவு காட்டிவிடுகிறது. நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையையே பாருங்கள். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பைப் படத்தைக் கொண்டே கணினி கண்டறியும் என்று காட்டிய கூகுளின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் அரவிந்துக்கும் பங்குண்டு. கண் மருத்துவர்கள் தரம்பிரித்துக் கொடுத்த படங்களைக் கொண்டுதான் கணினிக்குப் பயிற்சி அளித்தார்கள். மருத்துவருடன் நிரல் எழுதுவோரும் புள்ளியியல் அறிந்தோரும் சேர்ந்தால்தான் இத்தகைய வேலை நடக்கும். நீட்டில் இடம் கிடைக்காததால் மருத்துவத் துறையே தமக்கு மூடிவிட்டதென்று என் எதிரில் அமர்ந்து அழும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இப்படியொரு வழி இருப்பதை அவர்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கைப்பேசியில் வருவதெல்லாம் அறிவியல் செய்தி அல்ல. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று வந்தால், சோதனை எலிகளிடம் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா, எத்தனை பேரிடம் என்று தேடிப் பார்த்த பின்பே ஒட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இதற்குப் போதும். தேர்வுக்கு முந்தைய இரு மாதங்கள் நிறுத்தியும் வைக்கலாம். நீட் முடிவுக்குக் காத்திராமல் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். கணிதம் படித்திருப்பதால் உயிரித் தொழில்நுட்பமும் அவளுக்குத் திறந்தே இருக்கிறது. விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த என்னிடம் வரும் நாளில், மதிப்பெண் சான்றிதழோடு அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.