ஆர்க்கிட் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துப் பலா மரத்தில், நரிவால் போலப் பூங்கொத்து தொங்கும் ஆர்க்கிட் இரண்டே செடிகள்தான் எஞ்சியுள்ளன. காய் வெடித்து வந்த தூளை ஈரமான தென்னை நார்க்கழிவில் தூவினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். தங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்றே தோன்றுகிறது. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருப்பதால், பூக்கும் பருவத்தில் அங்கே காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விதை முளைக்காதது தங்கள் தவறன்று. நெல்லிலும் அவரையிலும் முளைக்கென்று உணவு சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது இல்லை. காட்டில் ஒருவகைப் பூசணம் விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் அது முளைவிடும். அந்தப் பூசணம் இல்லாமலே, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர்க் கூழில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருளால் உறைய வைத்த கூழ்) விதையை முளைக்க வைக்கலாம் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-இல் வெளியிட்டார். ஆய்வகங்கள் இன்றும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

நுனிக்குருத்தைக் கிள்ளிக் கன்றெடுக்கலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். இந்த இனம் ஒற்றைத் தண்டாக மேல்நோக்கி வளர்வது. குருத்தை இழந்தால் தாய்ச்செடியே நலிந்துவிடக்கூடும். மேலும் குருத்திலிருந்து வரும் கன்றுகள் அனைத்தும் ஒரே செடியின் நகல்கள். அருகிவரும் செடிக்கு விதைவழிக் கன்றுகளே நல்லவை. அவற்றில்தான் மரபு வேறுபாடு நிலைக்கும்.

ஆகவே அடுத்த முறை பூத்ததும், ஒரு செடியின் பூவில் நடுவிலுள்ள சிறு தொப்பி போன்ற மூடிக்கு அடியில் இருக்கும் மஞ்சள் மகரந்த உருண்டைகளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, மற்றச் செடிப் பூவின் பசையுள்ள குழியில் வைத்து, தேதி எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள். ஒரு கொத்தில் ஓரிரு காய்களே போதும். அதற்கு மேல் விட்டால் செடி களைத்துவிடும். வெடிக்கும் வரை காத்திராமல், முற்றத் தொடங்கிய பச்சைக் காயாகவே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். காய் மூடியிருக்கும் வரை உள்ளே கிருமி புகாது என்பதால், வெளித்தோலைக் கழுவி, ஆல்கஹாலில் நனைத்துத் தீயில் காட்டினாலே போதும். வெடித்த விதையென்றால் அந்தத் தூளையே கிருமிநீக்கம் செய்ய வேண்டிவரும். அதில் விதைக்குப் பாதிப்பு அதிகம்.

கிருமியற்ற காற்று வீசும் பெட்டிக்குள் காயை நெடுக்காகப் பிளந்து, விதையைச் சுரண்டிக் கூழின்மேல் பரப்புவார்கள். கூழில் இளநீர் சேர்ப்பதும் உண்டு. விதைகள் மெல்லப் பருத்து, பட்டிழை போன்ற மயிர்கள் கொண்ட பச்சை மணிகளாகும். இலையும் வேரும் பிறகே வரும். இடையிடையே புதிய கூழுக்கு மாற்ற வேண்டும் என்பதால், குடுவையிலிருந்து வெளியே எடுக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மிகுதியான கன்றுகள் சாவது இதன் பிறகுதான். வேரில் ஒட்டிய கூழில் சர்க்கரை இருப்பதால் துளியும் மிஞ்சாமல் வெதுவெதுப்பான நீரில் அலசி, மரக்கரியும் ஓட்டுச் சில்லும் இட்ட தொட்டியில் அடர்ந்த நிழலில் வைத்து, முதல் சில வாரங்கள் காற்றின் ஈரம் குறையாமல் மூடிக் காத்து, பின்னர் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். வேர்கள் தடித்து வெளியே நீண்டபின், மழைக்காலத் தொடக்கத்தில் அதே பலா மரத்தில் தென்னை நாரோடு சேர்த்துக் கட்டலாம்.